அறுபத்தொரு விழுக்காடு

பிர்னோ நகரத்தில் என் டிராம்
கடைசி வளைவில் ஏழு நிமிடம் நிற்கும்.
அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான்
இந்த வேலையில் இருக்கிறேன் என்று
மேலாளரிடம் இதுவரை சொன்னதில்லை.

கைக்கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன்.
தங்கை வாங்கித் தந்தது.
"எழுந்து நில்" என்கிறது,
நாற்பது டன் இரும்பை
நான் சரிவில் இறக்கிக்கொண்டிருக்கும்போது.
அதன் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமில்லை.
கழற்றிச் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்தேன்.
மாலைவரை
உருளைக்கிழங்கில் என் நாடியைத் தேடி
அதிர்ந்துகொண்டிருந்தது டப்பா.

மடிகிற கைபேசி: யார் கேட்டது?
காகிதத்தை மடித்தால் கப்பல்.
இதை மடித்தால் இன்னொரு கைபேசி.

மிரோஸ்லாவா வீட்டுக் குளிர்பெட்டிக்குக் கண் உண்டு.
பால் தீர்ந்துவிட்டதை
அலுவலகத்துக்கே செய்தி அனுப்பிச் சொல்லும்.
போய் வாங்கி வராது.

எந்தக் கருவிக்கும் என்னிடம் ஒரே பரீட்சைதான்:
கையுறையைக் கழற்றாமல் இயக்க முடியுமா?
ஜனவரியில், பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்றில்,
தொடுதிரைகள் எல்லாம்
சம்பந்தி வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைபோல்
முறுக்கிக்கொள்ளும்.
பொத்தானுக்கு அந்தப் பிகு கிடையாது.

அதனால்
எல்லோரும் வாங்கும் வாசிப்பானை நான் வாங்கவில்லை.
புத்தகம் உன்னுடையது என்பார்கள்,
சாவியைத் தங்கள் இடுப்பில் முடிந்துகொண்டு.
ஞாயிற்றுச் சந்தையில்
முந்நூறு கொருனாவுக்கு என்னுடையது கிடைத்தது.
செய்த நிறுவனம் திவாலாகி நான்கு வருடம்.
பக்கவாட்டில் இரண்டு பொத்தான்.
புதுப்பிப்பு எதுவும் இனி வராது.
அதைவிடப் பெரிய வசதி எதுவும் எனக்குத் தெரியவில்லை:
தூங்கி எழுந்தாலும்
பொத்தான் நேற்றைய வேலையையே செய்கிறது.

குறை இல்லாமலில்லை.
அதன் சார்ஜர் வாய்
உலகில் வேறெதற்கும் பொருந்தாது.
பக்கம் திருப்பினால்
கண்ணை இறுக மூடித் திறப்பதுபோல்
ஒருமுறை கறுத்து வெளுக்கும்.
அப்படியும் முந்தைய பக்கம் முழுதாகப் போகாது,
சாம்பலாக வரிகளுக்கடியில் கிடக்கும்.
விவரம் தெரிந்தவர்கள் அதைப் பேய் என்கிறார்கள்.
இருக்கட்டுமே,
படித்த வாக்கியம்
அவ்வளவு சுத்தமாகவா போய்விட வேண்டும்?

உள்ளே ஒரே ஒரு புத்தகம் இருந்தது.
பனிக்கடலில் சிக்கிய கப்பலின் கதை, எழுநூறு பக்கம்.
அறுபத்தொரு விழுக்காட்டில் நின்றிருந்தது.
எழுத்துகளோ பூதாகரம், திரைக்கு ஏழே வரி.
கண்புரை என்று முடிவு செய்தேன்.
எண்பது வயது.
பாதியில்…
மிச்சத்தை நானே நிரப்பிக்கொண்டேன்.
மரியாதைக்காக எழுத்தைச் சிறிதாக்காமலேயே
குளிர்காலம் முழுக்க வாசித்தேன்.

மார்ச்சில் சார்ஜர் செத்தது.
சந்தைக்காரர் ஒரு தொலைபேசி எண் தந்தார்.
டிராம் நிறுத்தத்தில் பழைய சார்ஜரோடு வந்து நின்றவன்
க்விடோ, இருபத்தாறு வயது.
உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தபடி வாசித்தானாம்.
குலுக்கலில் சின்ன எழுத்து தெரியாதாம்.
"முட்டி வலி. சைக்கிளை விற்றேன்,
கூடவே இதையும்."

மூன்று மாத இரங்கல், மொத்தமும் நட்டம்.

புதியது வைத்திருந்தான்.
குளியல் தொட்டியில் விழுந்தாலும் பிழைக்குமாம்.
அணைத்துவைத்தால் அதன் முகத்தில்
செருப்பு விளம்பரம்.
என்னுடையதை வாங்கிப் பொத்தானை அழுத்தினான்.
டக். இன்னொருமுறை, டக்.
"ஆயிரம் தருகிறேன், திருப்பித் தருவீர்களா?"
மாட்டேன் என்றேன்.
"சரி, கப்பல் தப்பித்ததா?"
"எண்பத்தெட்டில் இருக்கிறேன்.
இன்னும் பனிதான்."

அன்றிரவு கடைசி வளைவில்
எழுத்தைச் சிறிதாக்கினேன்.
திரைக்கு இருபத்துமூன்று வரி.
எங்கோ ஒரு விரிசல் சத்தம்,
மாலுமி ஒருவன் மேல்தளத்துக்கு ஓடுகிறான்,
யாரோ என் கண்ணாடியைத் தட்டுகிறார்கள்.

நான்கு நிமிடம் தாமதம்.
பதினாறு வருடத்தில் முதன்முறை.
தடத்தில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தேன்.